காண்ட்ராக்டர் பாதியில் விட்டுப்போன ரிப்பேர் வேலை: முடிக்க வைக்கவும், முடியாவிட்டால் பணத்தை மீட்கவும் முழுமையான வழிகாட்டி

மொட்டை மாடி ஒழுகுகிறது என்று புகார் போகும். காண்ட்ராக்டர் ஆள் அனுப்புவார். தட்டோட்டைப் பெயர்ப்பார்கள், விரிசலைக் கீறி அடைப்பார்கள், நீர்த்தடுப்புப் பூச்சை (கோட்டிங்) ஒரு கோட் அடிப்பார்கள். அதோடு சரி. போன் போட்டால் "அடுத்த வாரம் ஆள் அனுப்புறேன் சார்" என்று பதில் வரும், பிறகு போனே எடுக்க மாட்டார். தமிழ்நாட்டில் சொந்த வீடு கட்டியவர்களுக்கும் ஃபிளாட் வாங்கியவர்களுக்கும் இது பழகிப்போன நிலைமை.

இந்த அரைகுறை ரிப்பேர், கை வைக்காத ரிப்பேரைவிடச் சிக்கலானது. யாரும் தொடாத ஒழுகல் என்றால் குறை இருப்பதை இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும். பாதி வேலை நடந்துவிட்டால் காண்ட்ராக்டர் "செய்து கொடுத்துட்டேனே" என்பார், வீட்டுக்காரர் "எங்கே செய்தீர்கள்" என்பார். நடந்தது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்ற கோட்டை யாரும் போட்டு வைத்திருக்க மாட்டார்கள். அந்தக் கோட்டை அளவோடு, தேதியோடு, எழுத்தில் போடுவதுதான் முதல் வேலை. அது இல்லாமல் அனுப்பும் வக்கீல் நோட்டீஸ் கூட வெறும் கோபக் கடிதம்தான்.

எதிரே இருப்பவர் யார்?

ஃபிளாட்டைக் கட்டி விற்றவர் ஒரு வகை. உங்கள் மனையில் கூலிக்கோ ஒப்பந்தத்துக்கோ கட்டித் தந்தவர், அல்லது ரிப்பேருக்கு மட்டும் வந்தவர் இன்னொரு வகை. வழி இங்கேயே பிரிகிறது.

கட்டி விற்றவர் என்றால் 2016-ஆம் ஆண்டின் ரெரா சட்டம், அதாவது ரியல் எஸ்டேட் (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாடு) சட்டம், பொருந்தலாம். மனை 500 சதுர மீட்டருக்கு மேல், அல்லது 8 வீடுகளுக்கு மேல் என்றால் அந்தத் திட்டத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தச் சட்டத்தின் பிரிவு 14(3)படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ தெரியவரும் குறையை, சொன்ன 30 நாளுக்குள் கட்டணம் வாங்காமல் சரிசெய்ய வேண்டியது கட்டி விற்றவரின் கடமை. செய்யாவிட்டால் இழப்பீடு கேட்கலாம். ஒப்படைத்த தேதிக்கான சாட்சியம் முக்கியம் என்பதால் சாவி வாங்கிய கடிதம், மின் இணைப்புப் பெயர் மாற்றம் போன்றவற்றைத் தேடி எடுத்து வையுங்கள்.

உங்கள் மனையில் வேலை செய்த காண்ட்ராக்டருக்கு 14(3) பொருந்தாது. அவர் மீது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இருக்கிறது. வீடு கட்டித் தருவது அந்தச் சட்டத்தில் 'சேவை'. பில் இல்லை, ஒப்பந்தம் இல்லை, எல்லாம் வாய்ப்பேச்சு என்று பலர் இங்கேயே சோர்ந்துவிடுகிறார்கள். ஜிபே ரசீது, வங்கிக் கணக்கு அறிக்கை, அவர் கைப்பட எழுதிக் கொடுத்த கொட்டேஷன் சீட்டு, வாட்ஸ்அப்பில் "நாளைக்கு சிமெண்ட் இறங்கும்" என்று வந்த செய்தி எல்லாமே சேவைக்குப் பணம் கொடுத்ததைக் காட்டும்.

இந்தக் கட்டத்திலேயே இன்னொன்றையும் செய்துவிடுங்கள்: அவருடைய தபால் முகவரியைக் கண்டுபிடியுங்கள். பெரும்பாலான வீட்டுக்காரர்களிடம் காண்ட்ராக்டரின் போன் நம்பர் மட்டுமே இருக்கும். முகவரி தவறாக இருந்தால் நோட்டீஸ் திரும்பி வரும், வழக்கு அங்கேயே நிற்கும். விசிட்டிங் கார்டு, ஜிஎஸ்டி எண் இருந்தால் அதன் பதிவு விவரம், அவர் அறிமுகப்படுத்திய முந்தைய வாடிக்கையாளர் என்று எந்த வழியானாலும் சரி. உறவு கெடுவதற்கு முன் வாங்குவது எளிது.

மிச்ச வேலைப் பட்டியல்

"வேலை சரியில்லை, இன்னும் ஒழுகுது" என்று எழுதினால் அதற்கு "சரிபண்ணித் தரேன்" என்பதைத் தவிர வேறு பதில் வராது. ஒவ்வொரு வரியிலும் இடம், அளவு, இப்போதைய நிலை, எப்படி முடிந்தால் முடிந்ததாகக் கொள்வது என்ற நான்கும் இருக்க வேண்டும். 800 சதுர அடி மாடிக்கு ஒரு மாதிரி:

1. வடக்குக் கைப்பிடிச்சுவர் அடி, 22 அடி நீளம். தளமும் சுவரும் சேரும் மூலையில் கோவிங் போடவில்லை. 2 அங்குலத்துக்கு 2 அங்குலம் கலவையால் சரிவாக மெழுகி, ஃபைபர் மெஷ் ஒட்டி, கோட்டிங்கைச் சுவரில் 1 அடி உயரம் ஏற்ற வேண்டும்.
2. தென்மேற்கு மூலை மழைநீர்க் குழாய் வாய். சுற்றிலும் உடைத்தது அப்படியே திறந்து கிடக்கிறது. சுருங்காத அடைப்புக் கலவையால் (கிரவுட்) அடைத்து, கோட்டிங்கைக் குழாயின் உள்விளிம்பு வரை கொண்டுவர வேண்டும்.
3. முழுத் தளம், 800 சதுர அடி. ஒரு கோட் மட்டுமே அடிக்கப்பட்டுள்ளது. இரண்டாம் கோட் முதல் கோட்டுக்குக் குறுக்குத் திசையில்.
4. மேற்குப் படுக்கையறை சீலிங், 4 அடிக்கு 3 அடி. காரை தட்டி எடுக்கப்பட்டு, 5 கம்பிகள் துருவோடு தெரிகின்றன. துருவைச் சுரண்டி, துருத்தடுப்பு பிரைமர் அடித்து, பாலிமர் கலவையால் மூட வேண்டும்.
5. மாடியில் சுமார் 15 மூட்டை இடிபாட்டுக் கழிவு. அப்புறப்படுத்த வேண்டும். ஒரு மழைக்கு இது போதும், குழாய் வாய் அடைத்துக்கொள்ளும்.

மூன்றாவது வரியில்தான் வாக்குவாதம் அதிகம் வரும். "ரெண்டு கோட்டும் அடிச்சாச்சு" என்பார்கள். காய்ந்த பிறகு கண்ணால் பார்த்து உறுதி சொல்வது கடினம். டின் கணக்கு பாருங்கள். ஒரு லிட்டர் ஒரு கோட்டுக்கு எத்தனை சதுர அடி வரும் என்று டின்னிலேயே இருக்கும். அது 40 என்றால், 800 சதுர அடிக்கு இரண்டு கோட்டுக்கு 40 லிட்டர் வேண்டும். வந்து இறங்கியது ஒரே ஒரு 20 லிட்டர் டின் என்றால் மேலே பேச ஒன்றுமில்லை. எனவே காலி டின்னை எடைக்குப் போடாதீர்கள், பேட்ச் எண் தெரியும்படி போட்டோ எடுத்து வையுங்கள்.

நான்காவது வரியில் அவசரம் வேண்டாம். துருப்பிடித்த கம்பி மேல் அப்படியே கலவை பூசி மூடுவதுதான் வழக்கமான குறுக்குவழி. இரும்பைவிடத் துரு அதிக இடத்தை அடைக்கும், அந்த அழுத்தத்தில் புதுப் பூச்சும் பிளந்து விழும். சரியான வரிசை இது: தட்டினால் 'தொப்' என்று வெற்றொலி வரும் கான்கிரீட்டை முழுக்கப் பெயர்த்து, கம்பிக்குப் பின்னாலும் விரல் நுழையும் அளவு இடைவெளி விடவேண்டும். கம்பிப் பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி, கம்பிக்குத் துருத்தடுப்பு பிரைமர் அடித்து, பழைய கான்கிரீட்டுக்கு ஒட்டுப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலவையை அடுக்கடுக்காக ஏற்றி, ஈரம் காக்க வேண்டும். கம்பியின் கனம் கண்ணுக்குத் தெரியும் அளவு குறைந்திருந்தால் அது மேஸ்திரி முடிவெடுக்கும் விஷயமல்ல, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

பட்டியலை வைத்துக்கொண்டு காண்ட்ராக்டரை நேரில் அழைத்து ஒவ்வொரு இடமாகச் சேர்ந்து பாருங்கள். டேப்பை வைத்து, அளவு தெரியும்படி போட்டோ எடுங்கள். அவர் ஒப்புக்கொள்ளாத வரியை அடிக்காமல், "ஒப்புக்கொள்ளவில்லை, காரணம் இது" என்று பக்கத்திலேயே எழுதுங்கள். இருவரும் கையெழுத்து. கையெழுத்துப் போட மறுத்தால், பட்டியலையும் படங்களையும் அன்றைக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இன்று காலை 10 மணிக்குச் சேர்ந்து பார்த்த பட்டியல் இது, மாற்றம் இருந்தால் தெரிவிக்கவும்" என்று ஒரு வரி போடுங்கள். காண்ட்ராக்டர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: இந்தப் பட்டியல் உங்களுக்கும் பாதுகாப்புதான். இது இல்லாத இடத்தில் வீட்டுக்காரர் வாரம் ஒரு புதுக் குறையைச் சேர்த்துக்கொண்டே போவார்.

ஒழுகல் எங்கிருந்து வருகிறது என்ற தகராறு

"என் வேலையில ஒழுகல் இல்லை, மேல் வீட்டு பாத்ரூம்ல இருந்து வருது" என்பது அடிக்கடி வரும் பதில். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும். வாதாடாமல் வரிசையாகச் சோதியுங்கள். முதலில் தண்ணீர்க் குழாய்: எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரையோ டேங்க் மட்டத்தையோ ஓர் இரவு முழுக்கக் கவனியுங்கள். அடுத்து பாத்ரூம்: தரையில் தண்ணீர் வெளியேறும் வாயை (நஹானி டிராப்) அடைத்து, 24 மணி நேரம் தண்ணீர் நிறுத்துங்கள். மொட்டை மாடி கடைசியாக. எல்லாவற்றிலும் ஒரே நாளில் தண்ணீர் விட்டால் எது காரணம் என்று யாருக்கும் தெரியாது.

மாடிச் சோதனை: மழைநீர்க் குழாய் வாய்களை அடைத்து, பாத்தி கட்டி, மேட்டுப் பகுதியிலும் 1 அங்குலம் நிற்கும்படி தண்ணீர் விட்டு, 48 மணி நேரம் வைக்க வேண்டும். கைப்பிடிச்சுவரில் நீர்மட்டத்தைப் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். மட்டம் இறங்கியதும் "வெயிலில் ஆவியாகிடுச்சு" என்பார்கள். அதற்கு ஓர் அகன்ற பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் நிரப்பி, அதே வெயிலில் மாடியிலேயே வைத்து அதிலும் கோடு போடுங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கினால் ஆவிதான். மாடித் தண்ணீர் மட்டும் கூடுதலாக இறங்கியிருந்தால் எங்கோ உள்ளே போகிறது. காரை பெயர்ந்த சீலிங் இருக்கும் அறையில் சோதனை நேரத்தில் யாரும் படுக்க வேண்டாம்.

தண்ணீரை வடித்த பிறகு, எங்கெல்லாம் குளம் கட்டி நிற்கிறது என்றும் பாருங்கள். 10 அடிக்குக் குறைந்தது ஒன்றேகால் அங்குலம் வாட்டம் (சரிவு) வேண்டும். வாட்டமே தப்பாக இருந்தால் மேலே எத்தனை கோட் அடித்தாலும் அது தள்ளிப்போடுவதுதான், அதைப் பட்டியலில் தனி வரியாகச் சேர்க்க வேண்டும். சோதனையில் தேறும் வரை உள்சுவரில் பட்டி பார்க்கவோ பெயிண்ட் அடிக்கவோ விடாதீர்கள். ஈரச் சுவர்ப் பட்டி உரியும், உப்பு பூக்கும், அப்புறம் அது பழைய ஈரமா புது ஒழுகலா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

"மழை வந்துடுச்சு, இப்ப அடிக்க முடியாது" என்பது மட்டும் பெரும்பாலும் நியாயமான காரணம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் ஈரத் தளத்தில் அடிக்கும் கோட்டிங் ஒட்டாது. ஆனால் "மழை முடிஞ்சதும்" என்ற பதிலை ஏற்காமல் ஜனவரியில் ஒரு தேதியை எழுத்தில் வாங்குங்கள். குழாய் வாய் அடைப்பது, கழிவை அள்ளுவது ஆகியவற்றை மழை விட்ட நாளில் செய்யலாம், அவற்றுக்கு இந்தச் சாக்கு செல்லாது.

கையில் பாக்கி இருந்தால்

கொடுக்க வேண்டிய பாக்கி இருந்தால் அதுதான் உங்கள் பிடி. "தர மாட்டேன்" என்று ஒருபோதும் எழுதாதீர்கள், "பட்டியலில் உள்ளவை முடிந்து, 48 மணி நேரத் தண்ணீர்ச் சோதனை தேறிய அன்று தருகிறேன்" என்று எழுதுங்கள். முதல் வாக்கியம் உங்களை ஒப்பந்தம் மீறியவராகக் காட்டும். காண்ட்ராக்டருக்குக் கையில் காசில்லாமல் வேலை நிற்கிறது என்றால் பணமாகத் தராமல் தேவையான டின்னையும் சிமெண்டையும் நீங்களே வாங்கி இறக்கி, பில்லைப் பாக்கியில் கழித்துக்கொள்ளலாம். கொத்தனாருக்கு நேரடியாகக் கூலி கொடுப்பதானால் காண்ட்ராக்டரின் ஒப்புதலை முதலில் வாட்ஸ்அப்பில் வாங்குங்கள். இல்லாவிட்டால் "அந்த ஆள் உங்க ஆள், நான் பொறுப்பில்லை" என்று கை கழுவிவிடுவார்.

அவருடைய சென்ட்ரிங் ஷீட், மிக்சர், சாரக்கட்டைகளைப் பிடித்து வைக்க வேண்டாம். உங்கள் மேலேயே போலீஸ் புகார் வரும். நீங்கள் போலீசுக்குப் போவதிலும் பெரிதாகப் பலன் இருக்காது. வேலை முடிக்கவில்லை என்பது பொதுவாக சிவில் விவகாரம், இரண்டாம் கோட் அடி என்று இன்ஸ்பெக்டர் உத்தரவு போட முடியாது.

கடிதம்

வாய்ப்பேச்சுக்கு இரண்டு தேதிகள் கொடுத்துப் பாருங்கள். இரண்டும் தவறினால் கடிதம். வக்கீல் வைத்துத்தான் அனுப்ப வேண்டும் என்று சட்டமில்லை, ஸ்டாம்ப் பேப்பரும் வேண்டாம். வெள்ளைத்தாளில், சுருக்கமாக, இப்படி:

"ஐயா, மேற்கண்ட முகவரியில் உள்ள எனது வீட்டின் மொட்டை மாடி ஒழுகல் சரிசெய்யும் வேலையைத் தாங்கள் ரூ. ……-க்கு ஒப்புக்கொண்டு, இதுவரை ரூ. …… பெற்றுள்ளீர்கள். …… தேதிக்குப் பிறகு வேலை நடைபெறவில்லை. …… அன்று சேர்ந்து பார்வையிட்டுத் தயாரித்த மிச்ச வேலைப் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது. இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் இவற்றை முடித்துத் தரக் கேட்டுக்கொள்கிறேன். ஞாயிறு தவிர எல்லா நாட்களிலும் காலை 9 முதல் மாலை 6 மணி வரை வீடும் மாடியும் திறந்திருக்கும், தண்ணீரும் மின்சாரமும் தரப்படும். தவறினால், வேறு நபரைக் கொண்டு வேலையை முடித்து, அச்செலவைத் தங்களிடம் கோருவேன்."

வீடு திறந்திருக்கும் என்ற அந்த வரியை விட்டுவிடாதீர்கள். "வீட்டுக்காரர் உள்ளே விடலை" என்பதுதான் பின்னால் எல்லாரும் எடுக்கும் முதல் தற்காப்பு. ஃபிளாட்டைக் கட்டி விற்றவர் (புரமோட்டர்) என்றால் 15-க்குப் பதில் 30 நாள் என்று போட்டு, பிரிவு 14(3)-ஐக் குறிப்பிடுங்கள். ஒப்புகையுடன் தபாலில் அனுப்பி, அதே கடிதத்தை மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். தபால் ரசீதும் ஒப்புகை அட்டையும் கோப்பில் இருக்க வேண்டும்.

கடிதம் போனதும் பாதிப்பேர் ஆள் அனுப்பிவிடுவார்கள் என்று நம்பி உட்கார வேண்டாம், அதே நேரத்தில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியுங்கள். அது தீர்ப்பு சொல்லும் இடமல்ல, எதிர்த்தரப்புக்குத் தகவல் அனுப்பிப் பேசிப் பார்க்கும் இடம். பெரிய நிறுவனங்களிடம் பலிக்கும் அளவுக்குத் தனி மேஸ்திரிகளிடம் பலிக்காது.

வேறு ஆளை வைத்து முடிக்கும் முன்

கெடு முடிந்தது, மழை வருகிறது, காத்திருக்க முடியாது. வேறு ஆளை வைக்கலாம், ஆனால் புது ஆள் கை வைத்த மறுகணம் பழைய சாட்சியம் அழிந்துவிடும். அதற்கு முன் ஒரு சிவில் இன்ஜினியரை வரவழைத்து அறிக்கை வாங்குங்கள். நடந்த வேலையின் அளவு, மிச்ச வேலையின் அளவு, தரக்குறைவின் காரணம், முடிக்க ஆகும் செலவு ஆகிய நான்கும், கையெழுத்திட்ட படங்களும் அதில் இருக்க வேண்டும். செலவு மதிப்பீடு பொதுப்பணித்துறை விலைப்பட்டியலை ஒட்டி இருந்தால் கேள்வி குறையும். இரண்டு கொட்டேஷன் கூடுதலாக வாங்கி, குறைந்ததை எடுங்கள். முன்பு சாதா கோட்டிங் பேசியிருந்துவிட்டு இப்போது விலை உயர்ந்த மெம்ப்ரேன் (நீர்த்தடுப்பு விரிப்பு) போட்டு அந்த முழுத் தொகையைக் கேட்டால் கிடைக்காது.

நுகர்வோர் ஆணையம்

கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கேட்கும் இழப்பீட்டை வைத்து எல்லை கணக்கிடுவதில்லை, சேவைக்குக் கொடுத்த தொகைதான் கணக்கு. கட்டணம் 5 லட்சம் வரை இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1000. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், காண்ட்ராக்டர் வேறு ஊர்க்காரராக இருந்தாலும் பரவாயில்லை. வக்கீல் கட்டாயமில்லை. நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் இணையவழியே பதியலாம்.

காலக்கெடு 2 ஆண்டு. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். "செய்து தரேன், செய்து தரேன்" என்று காண்ட்ராக்டர் இழுத்த மாதங்களும் அதில் ஓடிக்கொண்டே இருக்கும், கடிதம் எழுதிக்கொண்டே இருப்பதால் கெடு நீளாது. குறையை முதன்முதலில் சொன்ன நாளிலிருந்து எண்ணி, அதற்குள் தாக்கல் செய்துவிடுவதே பத்திரம். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டி மன்னிப்புக் கோரலாம், ஆனால் அதை நம்பி இருக்கக் கூடாது.

புகார் மனுவில் தேதி வரிசைப்படி நடந்தது, பட்டியல், கடிதம், இன்ஜினியர் அறிக்கை, பணம் கொடுத்த ஆதாரம், பிரமாணப் பத்திரம். வாட்ஸ்அப் உரையாடலைத் தாக்கல் செய்யும்போது மின்னணுச் சாட்சியத்துக்காகப் பாரதிய சாட்சிய சட்டம் பிரிவு 63 கேட்கும் சான்றையும் சேர்த்துவிடுங்கள், போனை மாற்றினாலும் பழைய போனைத் தூக்கிப் போடாதீர்கள். கோரிக்கையில் மிச்ச வேலைக்கான செலவு, ஒழுகலால் கெட்ட பெயிண்ட், மரச்சாமான் போன்றவற்றின் இழப்பு, மன உளைச்சலுக்கு ஒரு தொகை, வழக்குச் செலவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். மன உளைச்சலுக்குப் பத்து லட்சம் என்று எழுதுவதால் மற்ற கணக்கின் மீதும் நம்பிக்கை குறையும்.

நோட்டீஸ் கிடைத்தபின் எதிர்த்தரப்பு 30 நாளுக்குள் பதில் தர வேண்டும், ஆணையம் கூடுதலாக 15 நாள் வரை அவகாசம் தரலாம், அதற்கு மேல் இல்லை. வேலை நிலவரத்தில் தகராறு இருந்தால், இடத்தைப் பார்வையிட வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கும்படி மனு போடுங்கள், அவர் இன்ஜினியர் உதவியோடு வந்து பார்ப்பார். 3 மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் அதற்கு மேலேயே ஆகும். உத்தரவு வந்தும் காண்ட்ராக்டர் அசையவில்லை என்றால் நிறைவேற்று மனு போட வேண்டும். உத்தரவை மீறினால் 1 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப் பிரிவு 72-இல் இடமிருக்கிறது.

பேசித் தீர்ந்தால்

வழக்குக்கு முன்பே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்து மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் செய்துகொள்ளலாம். நீதிமன்றக் கட்டணம் இல்லை. அங்கே பதிவாகும் முடிவு சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், வெள்ளைத்தாளில் எழுதிக்கொண்ட சமரசத்தைவிட வலுவானது.

எங்கே தீர்ந்தாலும், வேலை முடிந்ததும் காண்ட்ராக்டர் நீட்டும் ரசீதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். "எல்லாக் குறையும் தீர்ந்தது, இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்" என்று இருந்தால் அதை அடித்துவிட்டு, "பட்டியலில் உள்ள 1 முதல் 5 வரையிலான வேலைகள் முடிந்தன, …… தேதி தண்ணீர்ச் சோதனையில் ஒழுகல் இல்லை, …… வரை ஒழுகல் வந்தால் கட்டணமின்றிச் சரிசெய்வார்" என்று எழுதுங்கள். கோட்டிங் நிறுவனத்தின் உத்தரவாதச் சீட்டு இருந்தால் அது பொருளுக்கா வேலைக்கா என்று பாருங்கள், பொருளுக்கு மட்டும் என்றால் கூலி உங்கள் தலையில்தான். அடுத்த பருவமழையின் முதல் பெருமழை அன்று அதே 5 இடங்களையும் தேதியோடு படம் எடுத்துக் கோப்பில் சேர்த்து, ஈரம் தெரிந்தால் அன்றைக்கே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.